பேன் இருக்கிற பிள்ளையை வாசலில் இருத்தாதீர்கள்: லண்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிற நிர்வாகிகளுக்கும், சம்பளம் எதுவும் வாங்காமல் வந்து படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தென்கிழக்கு லண்டனில் பள்ளிக்கூட நேர்ஸாக வேலை செய்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் உங்களைப் போன்ற ஒரு பள்ளியில்தான் அ, ஆ எழுதப் பழகினார்கள், கலைவிழா மேடையில் ஏறித் திருக்குறள் சொன்னார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மகனை விடப் போனபோது, வகுப்பறைக்கு வெளியே நடைபாதையில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாகக் கதிரையில் இருந்தாள். மடியில் புத்தகப்பை, குளிர்கோட் இன்னும் கழற்றவில்லை. என்னம்மா என்று கேட்டேன். "என்ரை தலையில பேனாம், ரீச்சர் அம்மாவுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறா" என்று காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். உள்ளே மற்றப் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருந்தார்கள், இவள் கதவுக்கு வெளியே இருந்தபடி வாயசைத்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலத்தில் தாய் வந்தா, சூப்பர்மார்க்கெட் சீருடையோடு, வேலையில் இடையில் கேட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறா. ஆசிரியர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, "வடிவாச் சுத்தமாக்கிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மட்டும்தான் சொன்னார். தாய் தலை நிமிரவில்லை. அடுத்த சனி அவர்கள் வரவில்லை, அதற்கடுத்த சனியும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடையில் கண்டபோது, இடுப்பு வரை இருந்த அந்தப் பிள்ளையின் தலைமுடி காதோடு வெட்டப்பட்டிருந்தது.

எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் இதுதான் வழக்கம் என்று தெரிகிறது.

முதலில் பேனைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். பேன் பாயாது, பறக்காது, தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான். அழுக்குத் தலையும் சுத்தத் தலையும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் கண்டுபிடிக்கிற அன்றைக்கு அது வாரக்கணக்காக அந்தத் தலையில் இருந்திருக்கும், அந்த வாரமெல்லாம் பிள்ளை வகுப்பில் உங்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பாள், ஆகவே அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் வெளியே இருத்துவதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த நாட்டு அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் ஆலோசனை. வாரநாட்களில் பிள்ளைகள் போகிற ஆங்கிலப் பள்ளியில் மறிக்க மாட்டார்கள். நம்முடைய பள்ளியில் மறிக்கிறோம். தமிழ் படிக்க வந்த இடத்தில் வெட்கத்தைப் படிப்பித்து அனுப்புகிறோம்.

இப்படி அனுப்பிப் பார்த்து அது பிழையாய்ப்போன கதை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. என் வேலை எங்கேயிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன், தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1902இல் நியூயார்க் நகரத்தில் நடந்ததை எடுங்கள். பள்ளிகளுக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பார்கள். ட்ரகோமா என்ற கண்நோய், பேன், படர்தாமரை, சொறி, சிரங்கு, எது கண்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு செப்டம்பர் மாதத்தில் மட்டும் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். வீட்டில் தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ரஷ்யாவிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ கப்பலில் வந்த ஏழைத் தாய், டாக்டரிடம் போகக் காசும் இல்லை. சீட்டு எங்கேயோ கிடக்கும். பிள்ளை நாள் முழுக்கத் தெருவில் நிற்கும், பின்னேரம் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும். நோய் வகுப்பில் பரவாமல் தெருவில் பரவியது, அதுதான் வித்தியாசம்.

ஹென்றி தெருவில் ஏழைகளுக்காகத் தாதிமார் இல்லம் நடத்திய லிலியன் வால்ட் இதைப் பார்த்துவிட்டு நகர அதிகாரிகளிடம் போய், எங்கள் தாதி ஒருவரை ஒரு மாதத்துக்குத் தருகிறோம், முயன்று பாருங்கள் என்று கேட்டார். லீனா ரோஜர்ஸ் என்ற தாதி நான்கு பள்ளிகளுக்குப் போனார். அவர் செய்தது பெரிய மருத்துவம் ஒன்றுமில்லை. பள்ளியின் ஒரு மூலையில் வைத்தே புண்ணைக் கழுவி மருந்து போட்டுக் கட்டினார், கண்ணைத் துடைத்து மருந்து விட்டார், பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். பின்னேரம் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மாடிப்படி ஏறிப் போய்த் தாய்மாருக்குச் செய்து காட்டினார். ஒரு மாதம் முடிந்ததும் நகரமே சம்பளம் கொடுத்து மேலும் தாதிமாரை வைத்துக்கொண்டது. அடுத்த வருடம் அதே செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 1,101 பேர்.

பத்தில் ஒன்றுக்கு வந்துவிட்டது பாருங்கள். நோய் ஒரே வருடத்தில் ஒழிந்துபோயிருக்காது. துண்டுச் சீட்டு போன இடத்துக்கு ஒரு மனிதர் போனார், அதுதான் நடந்தது.

அதே நகரத்தில் இன்னொன்றும் நடந்தது, இதை நம்மைப் போல வேற்றுநாட்டில் வந்து குடியேறியவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மூக்குக்குப் பின்னால் வளர்கிற அடினாய்டு சதையையும் டான்சிலையும் வெட்டி எடுப்பது பள்ளிக்கூட மருத்துவத்தில் பெரிய விஷயமாக இருந்தது. 1906 ஜூனில் லோவர் ஈஸ்ட் சைட் பகுதியில், பள்ளிகளில் டாக்டர்கள் பிள்ளைகளின் தொண்டையை அறுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. யூதத் தாய்மாரும் இத்தாலியத் தாய்மாரும் கூட்டங்கூட்டமாகப் பள்ளிகளுக்கு ஓடினார்கள், கதவைத் தட்டினார்கள், ஜன்னல்கள் உடைந்தன, பொலிஸ் வந்தது. பத்திரிகைகள் அவர்களைப் படிப்பறிவில்லாத கூட்டம் என்று எழுதின. எனக்கு அந்தத் தாய்மாரைப் பற்றி அப்படி நினைக்க முடியவில்லை. தன் சொந்த நாட்டில் யூதர்களை வெட்டிக் கொன்றதைக் கேள்விப்பட்டும் கண்டும் ஓடிவந்தவள், தனக்கு விளங்காத மொழியில் தன் பிள்ளையின் தொண்டைக்குள் கத்தி போகிறது என்று கேள்விப்பட்டால் வேறு என்ன செய்வாள்? பொலிஸ் என்றாலே நடுங்குகிற, ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் பிரிக்காமல் லாச்சிக்குள் வைக்கிற தமிழ்த் தாய்மாரை நான் வாராவாரம் காண்கிறேன். அவர்கள் எங்கேயிருந்து என்னத்தைத் தாண்டி வந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கடிதத்தை அனுப்பிவிட்டோம், சொல்லிவிட்டோம் என்று இருக்க எனக்கு மனம் வருவதில்லை, அதற்கு அந்த 1906 கதையும் ஒரு காரணம்.

சரி, நம்முடைய லண்டனுக்கு வருகிறேன்.

நீங்கள் 47ஆம் இலக்க பஸ்ஸில் டெட்ஃபோர்ட் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே தேம்ஸ் ஆற்றுக்குக் கிட்ட ரேச்சல் மக்மில்லன் பெயரில் ஒரு பாலர் பள்ளி இருக்கிறது, தோட்டத்தோடு. அது எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம்.

ரேச்சலும் மார்கரெட்டும் அக்கா தங்கை. தங்கை மார்கரெட் 1894இல் வடக்கே பிராட்ஃபோர்ட் நகரத்துப் பள்ளிச் சபைக்குத் தேர்வானார். கம்பளி ஆலைகளின் ஊர் அது. அங்கே ஏழைப் பிள்ளைகளைக் குளிர்காலம் தொடங்கும்போது உடுப்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், வசந்தம் வரும் வரை கழற்றுவதே இல்லை, அப்படியான பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். மார்கரெட் சண்டை பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குளிக்கிற இடம் கட்டவைத்தார், 1897இல். அந்த ஊரின் பள்ளி மருத்துவர் ஜேம்ஸ் கெர் அவரோடு நின்றார். அரசாங்கம் விழித்துக்கொண்டதோ வேறு காரணத்துக்காக. தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்கு ஆள் சேர்க்கப் போனபோது எத்தனையோ இளைஞர்கள் உடம்பு தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள், பேரரசுக்குப் பயம் வந்துவிட்டது. 1904இல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை, 1906இல் பள்ளி உணவுச் சட்டம், 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை.

பரிசோதனை மட்டும்தான், கவனியுங்கள். சிகிச்சைக்கு அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1908இலிருந்து டாக்டர் பள்ளிக்கு வந்து காதில் சீழ், பல்லில் சூத்தை, கண் மங்கல் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். பெற்றோர் டாக்டரிடம் காட்ட வேண்டும். காசில்லாதவர்கள் தரும ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையில் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும், அன்றைக்குத் தாயின் கூலி போய்விடும். அடுத்த முறை டாக்டர் வந்து அதே பிள்ளையின் அதே காதைப் பார்த்து அதையே திரும்ப எழுதுவார்.

பேன் விஷயத்தில் மட்டும் சட்டத்துக்கு அவசரம் இருந்தது. 1908 சிறுவர் சட்டத்தின்படி பேனோடு வருகிற பிள்ளையின் பெற்றோருக்கு அறிவித்தல் கொடுக்கலாம், 24 மணித்தியாலத்துக்குள் சுத்தம் செய்யாவிட்டால் அதிகாரிகளே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யலாம். அந்தப் பிள்ளைகளைத் தெருவே பார்த்தது. என்னோடு வேலை செய்த வயதான ஆங்கிலேயப் பெண் ஒருவர், தன் தாய் எழுபது வயதிலும் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன நாளைச் சொல்லி அழுவார் என்று சொன்னார். மருந்தின் மணம்கூட அவருக்கு நினைவிருந்ததாம். அப்போதுதான் நடைபாதையில் கதிரை போட்டு இருந்த நம்முடைய பிள்ளை எனக்கு நினைவுக்கு வந்தாள்.

மக்மில்லன் சகோதரிகள் கேட்டது இதற்கு எதிரானதை. பள்ளியில் கண்டால் பள்ளிக்குப் பக்கத்திலேயே மருந்து போடுங்கள், பிள்ளை நடந்து வந்து நடந்து போகிற தூரத்தில், என்று கேட்டார்கள். ஜோசப் ஃபெல்ஸ் என்ற அமெரிக்கச் சவர்க்கார முதலாளி பணம் கொடுத்தார். 1908 டிசம்பரில் கிழக்கு லண்டனில் போ (Bow) என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் கிளினிக் தொடங்கினார்கள். 1910இல் டெட்ஃபோர்டுக்கு வந்தார்கள், மிக ஏழைப் பகுதி, கப்பல்துறைக் கூலிகளின் குடும்பங்கள். பெரிய நோய்கள் அங்கே வரவில்லை. காது, கண், பல், தோல், மூக்கடைப்பு, இவைதான். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சில்லறை என்று நினைப்பார்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு அது சில்லறை இல்லை, அதற்குப் பாடம் கேட்காது, பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், சில நேரம் உயிரே போகும்.

ஆனால் கிளினிக் நடத்த நடத்த அந்தச் சகோதரிகளுக்கு ஒன்று விளங்கியது, இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சுகப்படுத்தி அனுப்பிய அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். புண் ஆறும், சில வாரத்தில் அதே புண்ணோடு வருவார்கள். ஏனென்றால் அந்தப் பிள்ளை திரும்பிப் போகிற அறை மாறவில்லை, அதே கட்டிலில் நான்கு பேர், தண்ணீர் முற்றத்துக் குழாயில், ஜன்னலைத் திறந்தால் புகை. அப்போது அவர்கள் தாய்மாரைப் பழிசொல்லிவிட்டுக் கதவை மூடியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவர்கள் 1911இல் வீட்டுப் பின்தோட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு இரவு முகாம் போட்டார்கள். பின்னேரம் பிள்ளைகள் வருவார்கள், வெந்நீரில் குளிப்பார்கள், திறந்த வெளியில் தனித்தனிப் படுக்கையில் நித்திரை கொள்வார்கள், காலையில் கழுவிச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். ஆண்பிள்ளைகளுக்குப் பக்கத்திலிருந்த தேவாலய வளவில் முகாம். அப்புறம் இன்னும் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று கண்டு 1914இல் திறந்தவெளிப் பாலர் பள்ளி. ரேச்சல் 1917இல், தன் பிறந்தநாளன்று, இறந்துபோனார். தங்கை அந்தப் பள்ளிக்கு அக்காவின் பெயரை வைத்தார்.

கிளினிக்குகளை வெறுமனே புகழ்வதற்காக இதை எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலையில் வருகிற படர்தாமரைக்கு அந்தக் காலத்தில் ஒழுங்கான மருந்து இல்லை, பிள்ளைகள் ஒன்று இரண்டு வருடம்கூடப் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள். 1904இல் பாரிஸில் சபுரோ என்ற மருத்துவர் எக்ஸ்ரே கதிரைத் தலையில் பாய்ச்சி முடியை உதிரவைத்து அதைக் குணமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். லண்டனிலும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்தார்கள், சில மாதத்தில் வகுப்புக்குத் திரும்பினார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். 1950களின் கடைசியில் வாயால் உட்கொள்ளும் மருந்து வரும் வரை பல நாடுகளில் இதுதான் வழி. இஸ்ரேலில் குடியேறிய பிள்ளைகளுக்கு இதை ஆயிரக்கணக்கில் செய்தார்கள், அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோயும் மூளைக் கட்டிகளும் வந்தன, 1994இல் நட்டஈட்டுச் சட்டமே போட வேண்டி வந்தது. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு தாய் இதெல்லாம் ஏன், பின்னுக்கு என்ன வரும் என்று பத்துக் கேள்வி கேட்டால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. கேட்கட்டும். அவவின் மொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம்முடைய விஷயம். பேனைப் பற்றி மட்டும் எழுத நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் அனுமதிக்கிற காரணங்களில் முதலாவது பல் சூத்தை. மயக்கமருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குகிறார்கள். 1907இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கனிங்ஹாம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இந்த நாட்டின் முதல் பல் கிளினிக்கைத் திறந்தபோது சூத்தைக்குக் காரணம் வறுமையும் அறியாமையும் என்றார்கள். நம்முடைய வீடுகளில் வறுமை அப்படி இல்லை. நான்கு வயது வரை இரவில் சீனி போட்ட பால் போத்தலோடு நித்திரை, அம்மம்மா ஆசையாகக் கொடுக்கிற பிஸ்கட், அதற்கு மேல் நம்முடைய தமிழ்ப் பள்ளி. தயவுசெய்து கோபிக்காமல் கேளுங்கள். திருக்குறள் சொன்னால் சொக்லேட், வீட்டுவேலை செய்தால் லொலிபொப், பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்க இனிப்புப் பை, இடைவேளையில் ஜூஸ் பெட்டி. ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும் என் மகன் ஆறு இனிப்போடு வீட்டுக்கு வந்தான், எண்ணினேன். பென்சில் கொடுங்கள், ஒட்டுப்படம் கொடுங்கள், நல்ல கதைப்புத்தகம் ஒன்றை ஒரு வாரம் இரவல் கொடுங்கள், பிள்ளைகள் அதற்கும் ஓடுவார்கள். பதினெட்டு வயது வரை என்எச்எஸ்ஸில் பல் வைத்தியம் இலவசம் என்பது தெரியாத பெற்றோர் உங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள், காசு கேட்பார்கள் என்று பயந்துகொண்டு வலியோடு பிள்ளையை வைத்திருக்கிறார்கள். கண் பரிசோதனையும் பதினாறு வயது வரை இலவசம், அதையும் சொல்லுங்கள்.

கண்ணும் காதும் என்றதும் ஒன்று. உங்கள் வகுப்பில் பின்வாங்கில் ஒரு பிள்ளை இருப்பான், சொல்வழி கேட்கமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான், வாயைத் திறந்தபடி இருப்பான், தமிழ் ஏறவில்லை என்று நீங்களும் தாயும் கவலைப்படுவீர்கள். அந்தப் பழைய கிளினிக்குகள் கண்டுபிடித்த பெரிய உண்மைகளில் ஒன்று, மந்தம் என்று ஒதுக்கிய பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்கவில்லை அல்லது பலகை தெரியவில்லை என்பது. இன்றைக்கும் அதே கதைதான். நடுக்காதுக்குள் பசைபோல நீர் கட்டுவது சின்னப் பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணம், வலியும் இருக்காது, பாதிச் சொல் காதில் விழும், பாதி விழாது. ல, ள, ழ வித்தியாசம் பிடிபடாத பிள்ளையை அடுத்தமுறை திருத்துகிறபோது, முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் ஜீபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், காட்டும்படி தாயிடம் சொல்லுங்கள்.

அப்புறம் வெயில். நூறு வருடத்துக்கு முன் டெட்ஃபோர்டில் எலும்பு மென்மையாகிற ரிக்கெட்ஸ் நோய் வந்து கால் வளைந்த பிள்ளைகள் ஏராளம், புகையும் இருட்டறையும்தான் காரணம் என்று மக்மில்லன் சகோதரிகள் பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு 1918, 1919 அளவில் எட்வர்ட் மெலன்பி என்ற ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளில் சோதித்து, மீன் எண்ணெய் அதைத் தடுக்கிறது என்று காட்டினார். அந்த எண்ணெயிலிருந்த சத்தை இன்று விட்டமின் டி என்கிறோம். புகை போய்விட்டது. ஆனால் நம்முடைய தோல் கறுப்பு, இந்த நாட்டுக் குளிர்கால வெயில் நமக்குப் போதாது, பிள்ளைகளை மூடிக்கட்டி வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், கறுத்துப்போவார்கள் என்று கோடையிலும் வெளியே விடத் தயங்குகிறோம். ஒன்றிலிருந்து நான்கு வயது வரைப் பிள்ளைகளுக்குத் தினமும் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி கொடுக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான ஆலோசனை, நம்மைப் போன்றவர்களுக்கு அது இன்னும் முக்கியம். கால் வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

இதெல்லாம் தமிழ்ப் பள்ளியின் வேலையா என்று நீங்கள் கேட்பீர்கள், ஒரு நிர்வாகி என்னிடம் நேரிலேயே கேட்டார். மண்டப வாடகை, ஆசிரியர் தட்டுப்பாடு, சோதனை, கலைவிழா என்று உங்கள் தலையில் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த நகரத்தில் தமிழ்த் தாய்மார் நூறு பேர் வாராவாரம் ஒரே இடத்தில் இரண்டு மணித்தியாலம் காத்திருக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? கோயிலில் வந்து கும்பிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் மண்டபத்தின் பின்னால் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பிள்ளை வரும் வரை இருக்கிறார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு தமிழ்த் தாயைச் சந்திக்க மூன்று கடிதம், இரண்டு தொலைபேசி, ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பள்ளிக்கூட நேர்ஸ்மாரின் எண்ணிக்கையை வருடத்துக்கு வருடம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், ஒருவருக்கு எத்தனையோ பள்ளிகள், எங்களால் ஓடி முடியவில்லை. என் அம்மம்மா யாழ்ப்பாணத்து இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவ. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று இருந்த அந்த இடத்தைப் பற்றி எப்போதும் ஒன்றுதான் சொல்லுவா, அங்கே எங்களோடு எங்கள் பாஷையில் கதைத்தார்கள் என்று.

நான் கேட்பது கொஞ்சம்தான். பேனுக்காகப் பிள்ளையை நடைபாதையில் இருத்துகிற வழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். கண்டால் பிள்ளை முன்னால் பேசாமல், வகுப்பு முடிந்த பிறகு தாயிடம் தனியாகச் சொல்லுங்கள், வகுப்பிலுள்ள எல்லாப் பெற்றோருக்கும் பெயர் சொல்லாமல் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள், அன்றிரவு எல்லாரும் சேர்ந்து பார்த்தால்தான் அது போகும். முடியை வெட்டவும் வேண்டாம், மண்ணெண்ணெய் போடவும் வேண்டாம். நனைத்த தலையில் கண்டிஷனர் தேய்த்து, பல் நெருங்கிய பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை வார வேண்டும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள், நான்கு முறை, பிறகு பதினேழாம் நாள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஈரிலிருந்து புதிதாகப் பொரிக்கிறது வளர்ந்து திரும்ப முட்டை போடுவதற்கு முன் பிடித்துவிடத்தான் அந்தக் கணக்கு. இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிற பள்ளிக்கு அனுப்புகிறேன், உங்கள் பெயரைப் போட்டே அச்சடித்துக்கொள்ளுங்கள்.

தவணைக்கு ஒரு சனிக்கிழமை, அரை மணித்தியாலம், பின்னால் இருக்கிற அந்தத் தாய்மாரை எனக்குத் தாருங்கள். நான் தனி ஆளில்லை, தமிழ் பேசுகிற பல் வைத்தியர் ஒருவரும், கண் பரிசோதிக்கிற ஒரு தம்பியும், இன்னும் இரண்டு நேர்ஸ்மாரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பார்க்க மாட்டோம், யாருடைய தலையையும் எல்லார் முன்னிலையிலும் பிரிக்க மாட்டோம். தாய்மார் கேட்கிறதற்குப் பதில் சொல்லுவோம், எங்கே போவது, எப்படிப் பதிவது, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். ஒரு மேசை, நல்ல வெளிச்சமுள்ள ஒரு ஜன்னல், அவ்வளவு போதும். சீப்பும் கண்டிஷனரும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

தை மாதம் நடைபாதையில் இருந்த பிள்ளையின் தாயோடு போன வாரம்தான் ஒழுங்காகக் கதைக்கக் கிடைத்தது. தலையில் ஒன்றும் இல்லை, முடி தோள் வரை வளர்ந்துவிட்டது. மகள் வீட்டில் தம்பிக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுக்கிறாளாம். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தால் ஏதும் சொல்லுவார்களா என்று என்னிடம் கேட்டா. சொல்ல மாட்டார்கள் என்று உங்களைக் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை வருகிறார்கள். வகுப்புக்குள்ளே அவளுக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
தென்கிழக்கு லண்டனிலிருந்து ஒரு பள்ளிக்கூட நேர்ஸ்